தண்ணி ஒயில்

எனக்கு மறதி குறைவு. மருந்தாளராக வேலை பார்ப்பவளுக்கு அது நல்ல குணம் என்பார்கள். வீட்டில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து "என்ட பிழைதான்" என்று ஒரேயொரு தடவை சொல்ல வேண்டும் என்பதற்காக இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். அவருக்குக் கெடுதல் வர வேண்டும் என்று முதலில் நான் நினைக்கவில்லை. அந்த ஒரு வசனம் போதும் என்றுதான் இருந்தேன். எல்லாம் ஒரு கான் எஞ்சின் ஒயிலால் வந்த வினை.

நாங்கள் கல்லடியில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகளில் இருக்கிறோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். முன்வீடு அக்காவுக்கு, பின்வீடு எனக்கு என்று அப்பா சாகுமுன்னே பிரித்துவிட்டார். அக்காவைக் கட்டிக்கொண்டு அத்தான் முன்வீட்டுக்கு வந்தார். நான் கட்டவில்லை. அதனால் பின்வீட்டுக்கும் தானே ஆம்பிளை என்று அவர் தாமாகவே பொறுப்பெடுத்துக்கொண்டார். தண்ணீர் மோட்டர், கூரை ஓடு, தேங்காய் பறிப்பு எல்லாம் அவர் சொற்படிதான். அவரிடம் ஒரு பழைய டீசல் வான் இருந்தது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவது தொழில். எங்கள் வீதியில் யாருடைய வாகனத்துக்கு என்ன வந்தாலும் அவரிடம்தான் கேட்பார்கள். அவரும் தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி கிரானுக்கு அங்கால். பஸ் மாறி மாறிப் போய் அலுத்து, ஜப்பானில் ஓடிய ஒரு சின்ன ஹைபிரிட் காரை வாங்கினேன். வாங்கிய அன்றே பொனட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சினின் ஒயில் மூடியில் 0W-20 என்று அச்சுக் குத்தியிருந்தது. புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தது. ஃபோன் கமராவால் பக்கம் பக்கமாகப் பிடித்து மொழிபெயர்த்து வாசித்தேன். அங்கேயும் அதுதான் போட்டிருந்தது. மருந்துப் போத்தலில் ஒன்று எழுதியிருக்க வேறொன்றைக் கொடுத்தால் என் வேலை போய்விடும். எழுதியிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

முதல் சேர்விஸுக்கு நானே பட்டணத்துக்குப் போய் ஒரு கான் வாங்கி வந்தேன். எனக்கு அன்று கடமை நேரம் என்பதால் காரை அத்தான் கொண்டுபோவதாகச் சொன்னார். கானின் மூடியைத் திறந்து, சரித்துப் பார்த்தார். ஒரு சொட்டைப் பெருவிரலில் விட்டு மற்ற விரலால் தேய்த்தார்.

"மச்சாள், இது தண்ணி. இதையா எஞ்சினுக்கு ஊத்தப் போறீங்க?"

"மூடியில போட்டிருக்கு அத்தான்."

"அது ஜப்பான்காரன் போட்டது. அவன்ட நாட்டில பனி. இஞ்ச அடிக்கிற வெயிலுக்கு இது மறுகா எங்க நிக்கப்போகுது?"

எங்கள் ஊரில் ஒயிலையும் எருமைத் தயிரையும் ஒரே விதமாகத்தான் சோதிப்பார்கள். தயிர்ச் சட்டியைச் சரித்தால் அசையக்கூடாது. அசைந்தால் தண்ணீர் கலந்தது, விற்றவன் கள்ளன். கிரானால் வரும்போதெல்லாம் நானும் அப்படிச் சரித்துப் பார்த்துத்தான் சட்டி வாங்குவேன். தயிருக்கு அது சரி. அதே கையால் ஒயில் கானையும் சரித்துப் பார்க்கும் மனிதரிடம் என்ன சொல்வது? "நான் வாங்கினதையே ஊத்தச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் கார் வாசலில் நின்றது. "எல்லாம் சரி மச்சாள்" என்றார். நான் நம்பினேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

பிறகு வந்த மாதங்களில் கார் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. பெற்றோல் கூடுதலாகக் குடித்தது. சிக்னலில் நின்று எடுக்கும்போது ஒரு நடுக்கம். அத்தானிடம் சொன்னேன். "உங்கட கால் அப்பிடி" என்றார். நான் கார் ஓடும் விதம் பிழையாக்கும் என்று நானும் காலைத் திருத்திக்கொண்டு ஓடினேன்.

அந்த வருடம் அக்காவின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு, வயதுக்கு வந்ததற்குச் சாமத்திய வீடு வைத்தார்கள். முதல் தண்ணீர் மாமிதான் வார்க்க வேண்டும். அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, களுவாஞ்சிக்குடியில். அவரைக் கூட்டி வரும் வேலை எனக்கு. வெள்ளிக்கிழமை, சுப நேரம் பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டு ஐம்பது வரை. பதினொன்றேகாலுக்கே மாமியை ஏற்றிவிட்டேன். பட்டுச் சேலை, மடியில் ஆராத்தித் தட்டு, பின் சீற் நிறையப் பலகாரம். காத்தான்குடிக்குள் வந்ததும் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கார் இரண்டு தரம் குலுங்கியது. நடு வீதியில், பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில், நின்றுவிட்டது.

ஜும்ஆ நேரம். கடைகள் பூட்டியிருந்தன. ஓட்டோக்கள் வரிசையாக நின்றன, ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குள். பஸ் நின்றாலும் மாமி ஆராத்தித் தட்டோடு பஸ்ஸில் ஏற மாட்டார். அத்தானுக்கு ஃபோன் எடுத்தேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நான் காரின் திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு ஐம்பது ஆனபோது "போச்சு" என்றார்.

தொழுகை முடிந்து வந்த முதல் ஓட்டோவில் போய் இறங்கியபோது ஒன்றரை மணி. பிள்ளை நனைந்த தாவணியோடு பலகையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். நேரம் போகிறதே என்று அவசரத்தில் யாரோ பக்கத்து வீட்டுக்காரி முதல் தண்ணீரை வார்த்திருந்தாள். எங்கள் அம்மா ஒரு மூலையில் அழுதார். அத்தான் புது வேட்டியோடு பந்தலுக்கு நடுவில் நின்று, "பொம்பளைட கையில வாகனத்தக் குடுத்தா இதுதான் நடக்கும். நான் அப்பவே சொன்னனான்" என்றார். பந்தலில் இருந்த ஆம்பிளைகள் சிரித்தார்கள். கார் நின்றுவிட்டது என்று நான் சொன்னேன். சாக்குச் சொல்கிறாள் என்று யாரோ பின்னால் சொன்னது தெளிவாகக் கேட்டது.

காரைத் தன் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தவர் காத்தான்குடி மெக்கானிக் ஒருவர். தொழுது வந்த வெள்ளை உடுப்போடேயே தள்ளியவர். நான் அவரை, அங்கே அண்ணனைக் கூப்பிடுவது போல, நானா என்றே கூப்பிடுவேன். மூன்றாம் நாள் என்னை வரச்சொல்லி, உள்ளங்கையில் ஒரு சாமானைக் காட்டினார். சின்னி விரல் நகத்தளவு ஒரு வலை. கருந்தார் பூசிய மாதிரி அடைத்துக் கிடந்தது.

"மிஸ், இதுக்குள்ளால ஒயில் போய்த்தான் வால்வு வேலை செய்யணும். இதுக்குள்ளால காத்தும் போகாது. ஆர் இதுக்கு அம்பது நம்பர் ஒயில் ஊத்தின?"

"அம்பதா? நான் சைபர் இருபதுதானே வாங்கிக் குடுத்தனான்."

அவர் பொனட்டுக்குள் தொங்கிய சேர்விஸ் அட்டையைத் திருப்பிக் காட்டினார். பேனையால் 20W-50 என்று எழுதியிருந்தது. பெரலில் இருந்து அள்ளி விற்கும் ஒயிலாக இருக்கும் என்றார். சேர்விஸ் செய்த இடத்துக்கு அங்கிருந்தே ஃபோன் எடுத்தேன். அந்த ஆள் மறைக்கவில்லை. "உங்கட அத்தான்தான் சொன்னவர். 'அவக்கு ஒண்டும் தெரியாது, தடிச்சத ஊத்து, சொல்லாத' எண்டு."

ஃபோனைப் பைக்குள் போட்டேன். நானா பேசிக்கொண்டே போனார். தான் கட்டாரில் பதினொரு வருடம் கராஜில் நின்றவர் என்றும், அங்கே அடிக்கும் வெயிலில் செருப்பு உருகும் என்றும், அங்கேயும் இந்த வண்டிக்கு இந்த மெல்லிய ஒயிலைத்தான் ஊற்றுவார்கள் என்றும் சொன்னார்.

"நம்மட ஆக்கள் வெயில் வெயில் எண்ற. எஞ்சினுக்குள்ள சூடு ஜப்பான்லயும் ஒண்டுதான், இஞ்சயும் ஒண்டுதான் மிஸ். இந்தக் காரு நிண்டு நிண்டு ஸ்டார்ட் ஆகிற காரு. ஒவ்வொரு தரமும் ஒயில் ஓடி மேல வரணும். தடிச்சது எப்பிடி ஓடும்?"

முதல் எண் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கு, பின்னால் வருவது சூடேறிய பிறகு அதில் எவ்வளவு தடிப்பு மிஞ்சும் என்பதற்கு என்று விளங்கப்படுத்தினார். மருந்துச் சீட்டு வாசிப்பவளுக்கு அது ஒரு நிமிடத்தில் விளங்கியது. அத்தானுக்கு இருபது வருட ஓட்டத்தில் விளங்கியிருக்கவில்லை. அட்டையை நானா கசக்கிக் குப்பைப் பீப்பாவில் போட்டார். நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. அட்டையைக் காட்டினால் இன்னொரு சாக்கு என்பார்கள். அது அவர் வாயால் வர வேண்டும், பந்தலில் சிரித்த மாதிரியான ஆட்களுக்கு முன்னால் வர வேண்டும் என்று அந்தக் கராஜில் வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

நான் வாங்கிய கான் என்ன ஆனது என்பதும் தெரியவந்தது. அடுத்த வீட்டுக்காரி ஒருநாள் மதிலுக்கு மேலால், "உங்கட அத்தான் தந்த ஒயில் நல்ல ஒயில் புள்ள, கேட் இப்ப சத்தமே இல்ல" என்றாள். எங்கள் வீதியில் கேற்றுகள், சைக்கிள் செயின்கள், ஒரு தையல் மெசின் எல்லாம் என் முழு சிந்தெடிக் ஒயிலில் வழுக்கிக்கொண்டிருந்தன. என் காருக்கு மட்டும்தான் அது கிடைக்கவில்லை.

காருக்கான சாமான் கொழும்பிலிருந்து வர மூன்று மாதம் எடுத்தது. மூன்று மாதமும் பஸ்ஸில் போனேன். அந்த மூன்று மாதத்துக்குள் பழி நன்றாக வேர்விட்டது. பெறாமகளுக்குக் காய்ச்சல் வந்தால், "நேரம் தவறின பிள்ளை" என்றார் அம்மா. சோதனையில் கணிதம் தவறியபோது மாமி ஃபோனில் அதையே சொன்னார். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை, தேவையும் இல்லை. அந்தப் பிள்ளையை நான்தான் மடியில் வைத்து எழுத்துப் பழக்கினேன். அவளும் ஒருநாள், "சித்தி, நீங்க நேரத்துக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் என்ன?" என்று கேட்டாள். அன்றைக்கு அத்தான் மேல் எனக்கிருந்த கோபம் வெறுப்பாக மாறியது.

கார் திரும்பி வந்ததும் ஒயில் வாங்க நானே போனேன். கடைக்காரர் பத்து-நாற்பதை எடுத்து வைத்து, "எல்லாரும் எடுக்கிறது இதுதான்" என்றார். நான் தட்டில் இருந்த எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். இன்னும் மெல்லிய சைபர்-பதினாறும் இருந்தது. ஆனால் மூடியிலும் புத்தகத்திலும் இருந்தது சைபர்-இருபது, ஓடின எஞ்சினுக்கு அதுவே சரி என்று நானாவும் சொல்லியிருந்தார். மூடியின் சீல் முறியாமல் இருக்கிறதா, அடியில் அடித்த இலக்கமும் லேபிளில் உள்ள இலக்கமும் ஒன்றுதானா, முழு சிந்தெடிக்கா, பாதிக் கலவையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைக்காரர் கொட்டாவி விட்டார். "மிஸ், இது மருந்தில்ல" என்றார். எனக்கு மருந்துதான் என்று சொன்னேன். அன்று முதல் என் காரின் ஒயிலை நானா முன்னால் நின்று மாற்ற, நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். மிச்சமிருக்கும் அரைக் கானை வீட்டுக்குக் கொண்டுவந்து, அளவு குறைந்தால் நானே ஊற்றுவேன். அத்தானுக்குத் தெரியும்படி, முற்றத்தில் வைத்து ஊற்றுவேன்.

கார் நல்ல ஓட்டம் ஓடியது. அத்தான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சிரித்துப் பேசினேன், நல்ல நாளுக்கு முன்வீட்டில் சாப்பிட்டேன், அவருக்குச் சுகமில்லாதபோது மாத்திரையும் கொடுத்தேன். சரியான மாத்திரைதான். வேலையில் நான் ஒருநாளும் விளையாடியதில்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் முற்றத்தில் ஒயில் அளக்கும் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அத்தான் பக்கத்தில் வந்து நின்றார். ஹயருக்கு வான் ஓடுகிறவர்கள் மத்தியில் அப்போது இதே பேச்சு. மெல்லிய ஒயில் ஊற்றினால் டீசல் மிச்சம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மச்சாள், அந்தத் தண்ணி ஒயில் நல்லா வேலை செய்யுது போல."

"ஓம் அத்தான்."

"எங்க வாங்கிற நீங்க? வானுக்கும் ஒருக்கா ஊத்திப் பார்ப்பம் எண்டு."

இந்த நாளுக்காகத்தான் நான் இருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஊற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவரைப் போல நானும் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பொய் தேவைப்படவில்லை. அவரை எனக்கு நன்றாகத் தெரியும். கானின் மேல் கிடந்த பழைய சீலைத் துண்டை இழுத்து லேபிள் தெரியாமல் மூடினேன். கானைக் காலால் கொஞ்சம் எனக்குப் பின்னால் தள்ளினேன். பிறகு மிகவும் இனிமையாகச் சிரித்தேன்.

"உங்கட வானுக்கு இது சரிவராது அத்தான். பழைய டீசல் எஞ்சின். பதினஞ்சு-நாப்பதுதான் ஊத்தணும். இதை ஊத்தினா பெயாரிங் போயிரும். கட்டாயம் ஊத்தாதீங்க."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. நீதிமன்றத்தில் நின்றாலும் இதையே சொல்லலாம். அவர் என் முகத்தைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார், திரும்பவும் என் முகத்தைப் பார்த்தார். "ஓ, அப்பிடியா" என்றார். நல்ல சாமானை ஒளித்துவைக்கிறாள் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. அவர் போனதும் ஒயில் குச்சியை இன்னொரு தரம் துடைத்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்த கிழமையே ஊற்றிவிட்டார். எப்படித் தெரியும் என்றால், சத்தத்தில் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு அவர் வானை ஸ்டார்ட் செய்வது என் குசினி ஜன்னலுக்கு நேரே கேட்கும். பழைய எஞ்சினின் கரகரப்பு எனக்குப் பழகியது. அதற்குள் இப்போது இன்னொன்று கேட்டது. டக், டக், டக். முதல் நாள் மெதுவாக. பிறகு கொஞ்சம் பலமாக. வானின் ஒயில் விளக்கு எரியாமல் பல வருடம். அவருக்கு எச்சரிக்க அந்த வண்டியில் ஒன்றுமில்லை. எச்சரிக்க நான் இருந்தேன். பதினொரு காலை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே புட்டு அவித்தேன். ஒரு காலையும் ஜன்னலால் எட்டிப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. வானுக்குள் ஆட்கள் இருக்கும்போது ஏதும் நடந்தால் என்று ஒருநாள் நினைத்தேன். புட்டுக்குத் தேங்காய் துருவ வேண்டியிருந்தது, எழுந்து போய்விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மதியம் அத்தான் எனக்கு ஃபோன் எடுத்தார். கலியாண ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பும்போது, கிரானுக்கு இப்பால் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது என்றார். நான்தான் பக்கத்தில் இருக்கிறேன், வர முடியுமா என்று கேட்டார். கடமை முடிந்து போனேன். இரண்டு பக்கமும் வயல் வட்டை, நெல் அறுத்து முடிந்து காய்ந்து கிடந்தது. நிழல் ஒன்றுமில்லை. அவர் வானின் நிழலில் குந்தியிருந்தார். என் காரில் ஏறி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். ஏறாவூரில் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிப்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

வீட்டில் எல்லோரும் முன்வீட்டு விறாந்தையில் இருந்தார்கள். அம்மா, அக்கா, பெறாமகள். கோயில் அலுவலாக மாமியும் வந்திருந்தார், பஸ்ஸில். என் காரில் அவர் பிறகு ஏறியதில்லை. நானே தேடிக் கூட்டியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகக் கூட்டியிருக்க முடியாது. அத்தான் கதிரையில் இருந்து, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, முகத்தைத் துடைத்தார்.

"மச்சாள் ஊத்த வேணாம் எண்டு நேர சொன்னவ. நான்தான் கேக்கல்ல. என்ட பிழைதான்."

இவ்வளவு இலகுவாக வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. தேத்தண்ணி கேட்பது போலச் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. ஆனால் அது நான் கேட்ட பிழை அல்லவே. நான் இரண்டு வருடம் காத்திருந்தது வேறு பிழைக்கு.

"அப்ப என்ட காருக்கு ஊத்தினது?" என்று கேட்டேன்.

"எது மச்சாள்?"

"நான் வாங்கித் தந்த கானை வைச்சிட்டு, தடிச்ச ஒயில் ஊத்தச் சொன்னது. எனக்குச் சொல்ல வேணாம் எண்டு சேர்விஸ்காரனிட்டச் சொன்னது."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கி. "நான் சொன்னனா? எப்ப?"

"சாமத்திய வீட்டுக்கு முன்ன."

"இருக்கும் மச்சாள். எத்தின வாகனத்துக்கு ஒயில் மாத்தியிருப்பன். ஞாபகம் வருதில்ல."

ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று, மாத்திரை போட்டேன் என்று பொய் சொல்பவர்களை நாள் முழுக்கப் பார்ப்பவள் நான். அவர் கண்ணை, கையை, தொண்டையைப் பார்த்தேன். பொய் இல்லை. அந்த ஆளுக்கு ஞாபகமே இல்லை. என் இரண்டு வருடம் அவர் தலைக்குள் ஒரு நிமிடம்கூட இருந்திருக்கவில்லை.

"அதாலதான் அண்டைக்குக் கார் நிண்டது. அதாலதான் நான் பிந்தினனான்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

மாமி வெற்றிலையை மடித்துக்கொண்டு சொன்னார்: "நீ பிந்தினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு."

அதோடு அந்தக் கதை முடிந்தது. அம்மா, வானை இழுத்து வர யாரைப் பிடிப்பது என்று கேட்கத் தொடங்கினார். பெறாமகள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து என் வீட்டுக் குசினிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அக்கா பின்னால் வந்தாள். கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அண்டைக்கு நீ அவரோட கதைக்கக்குள்ள நான் கிணத்தடியில நிண்டனான்," என்றாள். "நீ கானைச் சீலையால மூடினதைக் கண்டனான். அப்ப எனக்கு விளங்கல்ல."

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"வாய் ஊத்தாதீங்க எண்டுது. கை வேற சொல்லிச்சுது. அவர் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு உனக்குத் தெரியும். ஊத்துவார் எண்டும் தெரியும்."

"நான் உண்மையத்தானே சொன்னனான்."

"பதினொரு நாளா டக் டக் எண்டு சத்தம். எனக்கு அது வெறும் சத்தம். உனக்கு என்னெண்டு தெரியும். ஜன்னல் இந்தா இருக்கு. ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு வாய் வரல்லயா கா?"

தண்ணீர் கொதித்ததும் தேயிலையைப் போட்டேன். அத்தானிடம் நான் எதிர்பார்த்திருந்த மாதிரியே அவள் என்னிடம் காத்து நின்றாள்.

"வேணுமெண்டுதானே?" என்றாள்.

"ஓம்," என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை, அழவில்லை. "அவர் மறந்திருவார்," என்றாள். "வானையும் மறப்பார், உன்னையும் மறப்பார். அது அவர்ட குணம். நான் அவர் இல்ல."

வான் பழைய இரும்புக்குப் போனது. அத்தான் இப்போது வேறொருவரின் லொறியில் சாரதி. அந்த முதலாளி என்ன ஒயில் ஊற்றச் சொல்கிறாரோ அதை ஊற்றுகிறார், என்னோடு முன்னைவிட நன்றாகக் கதைக்கிறார். முன்பு அக்காவைப் பட்டணத்தில் இருக்கும் அவள் அலுவலகத்துக்கு வான்தான் கொண்டுபோய் விடும். இப்போது நான் விடுகிறேன். காலையில் அவள் முன் சீற்றில் ஏறி, பையை மடியில் வைத்து, பாலத்தைக் கடக்கும்போது வாவியைப் பார்த்துக்கொண்டு வருவாள். இறங்கும்போது "வாறன்" என்று சொல்வாள், ஒருநாளும் தவறாமல். நான் சமைத்தால் அவளுக்கும் அனுப்புகிறேன், அவளும் அனுப்புகிறாள்; அவள் கோப்பையில் வருவதை நான் முதலில் மணந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். அவள் என்ன செய்வாள், எப்போது செய்வாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு காலம் காத்திருப்பாள் என்று தெரியும்.